எல்லையைத் தாண்டிய பி.டி. சார்

ரத்தினவேல் இறந்ததும் அவர் மனைவி பரிமளா முதலில் செய்த காரியம், அவர் கழுத்தில் கிடந்த விசிலைக் கழற்றியதுதான். "இனிமேலாச்சும் வீடு அமைதியா இருக்கட்டும்" என்றார். அதற்குப் பிறகுதான் அழுதார்.

கல்யாண வீட்டுப் பந்தியில்கூட விசிலோடு உட்கார்ந்த மனிதர் ரத்தினவேல். அறந்தாங்கிச் சாலையில் உள்ள ஒரு கல்லூரியின் உடற்கல்வி இயக்குநர்; பையன்களுக்கு பி.டி. சார். படிக்கிற காலத்தில் ஆடியது வாலிபால். கால்பந்தைப் பற்றி அவருக்கு உறுதியாகத் தெரிந்தது, அதைக் கையால் தொடக்கூடாது என்பது மட்டும். அவருடைய பயிற்சி முழுவதும் "ஓடுங்கடா" என்ற ஒரே சொல்லில் அடங்கிவிடும். தொப்பை காரணமாக அவர் ஓடிக்காட்டியது கிடையாது.

அணியில் சரியாகப் பதினோரு பேர். பன்னிரண்டாவதாக ஒருவன் வந்தால் அவனுக்கு பூட்ஸ் இல்லை. முந்தைய வருடம் ஆள் குறைந்து, ஆடாமலே வாக்ஓவர் கொடுத்திருந்தார்கள். இந்த முறை பல்கலைக்கழகப் போட்டியில் எப்படியோ அரையிறுதிக்கு வந்துவிட்டார்கள். கல்லூரி முதல்வர் கூப்பிட்டுச் சொன்னார்: "மறுபடி வாக்ஓவர் கொடுத்தீங்கன்னா ஃபுட்பால் டீமே கெடையாது. கிரவுண்டுல காலேஜ் பஸ்ஸை நிறுத்திக்கிறேன்."

போட்டிக்கு நான்கு நாள் இருக்கும்போது கோல்கீப்பர் ஐயனாரும் இன்னும் நான்கு பேரும் கல்லூரிக்கு வரவில்லை. ஐவருக்கும் ஊர் நெடுங்கண்மாய். அங்கே ஐயனார் கோயிலில் புரவியெடுப்பு, மண்குதிரைகளைத் தோளில் சுமந்துபோய்ச் சாமிக்கு வைக்கும் திருவிழா. குதிரை தூக்குகிறவர்கள் கையில் காப்புக் கட்டியாயிற்று. திருவிழா முடியும்வரை ஊர் எல்லையைத் தாண்டக்கூடாது.

ரத்தினவேல் பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பினார். ஊர்ப் பெரியவர் செல்லமுத்துவின் காலில் விழுந்தாவது ஐந்து பேரையும் மீட்டுவருவது திட்டம். செல்லமுத்து அவரைக் கண்டதும் எழுந்து நின்றார். "காலேஜு சாரு நம்ம சாமிக்கு வந்திருக்காரு!" என்று தோளில் துண்டைப் போர்த்தினார். மரியாதை என்று யார் எதை நீட்டினாலும் ரத்தினவேல் வாங்கிக்கொள்வார். கையை நீட்டுங்கள் என்றார்கள், நீட்டினார். மஞ்சள் கயிற்றைக் கட்டி முடித்த பிறகுதான் அது என்னவென்று அவருக்கு உறைத்தது.

"ஐயா, நான் வீட்டுக்குப் போகணுமே?"

"அதெப்படிங்க சார் போறது? எல்லையத் தாண்டுனா சாமிக்குத்தம் ஆயிருமுல்ல. நம்ம வீட்டுலயே தங்கிக்கங்க."

பரிமளா போனில் கேட்டார்: "ஆள மீட்டுட்டு வாரேன்னு போனீங்க. இப்ப ஒங்கள மீட்க யாரை அனுப்பறது?"

அரையிறுதியை நடத்தும் பொறுப்பு அந்த வருடம் அவர் கல்லூரிக்குத்தான் வந்திருந்தது. அது ஒன்றுதான் அவருக்கு இருந்த பிடி. போட்டி அமைப்பாளர் கண்ணுசாமியைப் போனில் பிடித்தார்.

"மேட்சை கண்மாய்ல வச்சுக்கலாமா?"

"யோவ், கண்மாய்ல என்ன, நீச்சல் போட்டியா?"

"தண்ணி வத்திருச்சுய்யா. தரை நம்ம கிரவுண்டை விட நல்லாயிருக்கு. கெடா விருந்து வேற."

விருந்து என்றதும் கண்ணுசாமி சற்று யோசித்தார். பிறகு சரி என்றார்.

காப்புக் கட்டாத ஆறு பேரும் பஸ் ஏறி வந்து கண்மாய்க்குள் கருவைப் புதரை வெட்டினார்கள், சுண்ணாம்புக் கோடு போட்டார்கள், சவுக்குக் கம்பு நட்டுக் கோல் கட்டினார்கள். ரத்தினவேல் கரையில் நின்றபடி விசிலடித்தார். போட்டியன்று காலை செல்லமுத்து வந்து பார்த்தார்.

"சார், அங்கிட்டு இருக்கற கோலு பக்கத்து ஊருல இருக்கே."

நடுக்கோட்டுக்குப் பக்கத்தில், வெட்டிய கருவைக்கு அடியில் எல்லைக்கல் தலையை நீட்டிக்கொண்டிருந்தது. ஊரைக் கேட்காமல் மைதானம் போட்டதன் பலன். திருச்சியிலிருந்து எதிரணி வந்து இறங்கிவிட்டது. முதல்வரும் வந்து பந்தலில் உட்கார்ந்துவிட்டார்.

முதல் பாதி பிழைத்தது. ஊர்ப்பக்கக் கோலை காப்புக் கட்டிய ஐவரும் காத்தார்கள். மற்ற ஆறு பேர் எல்லைக்கு அப்பால் போய் அடித்துப் பார்த்தார்கள். கோல் எதுவும் விழவில்லை. இடைவேளைக்குப் பிறகு பக்கம் மாறியது. இப்போது ஐயனார் காக்கவேண்டிய கோல் பக்கத்து ஊரில்.

ரத்தினவேல் வாழ்க்கையிலேயே ஒரே ஒரு தடவை ஆட்டத் தந்திரம் சொன்னார். "ஐயனாரு, நீ முன்னால போடா. சந்தோஷு, கோலுக்குள்ள நில்லு."

"சார், எனக்குக் கோலு புடிக்கத் தெரியாது" என்றான் காப்புக் கட்டாத அறுவரில் ஒருவனான சந்தோஷ்குமார்.

"அவனுக்கு மட்டும் அடிக்கத் தெரியுமா? போடா!"

தெரியாதுதான். எங்கிருந்தோ வந்த பந்து ஐயனாரின் முகத்தில் மோதி எதிரணியின் கோலுக்குள் போனது. தப்பட்டைச் சத்தத்தில் அவன் மூக்கில் வழிந்த ரத்தத்தை யாரும் கவனிக்கவில்லை.

ஆட்டம் முடியப்போகிற நேரத்தில் சந்தோஷ்குமார் பந்தைத் தட்டிவிடப் பாய்ந்து, சவுக்குக் கம்பில் தலை மோதி விழுந்தான். அசைவில்லை. பக்கக்கோட்டில் எல்லைக்கல்லுக்கு நேரே வரும்போதெல்லாம் கட்டிப்போட்டதுபோல நின்றுவிடும் ரத்தினவேல், அப்போது நிற்கவில்லை. தொப்பையும் விசிலும் குலுங்க, செருப்பு ஒரு பக்கம் பறக்க ஓடினார். அவர் ஓடி யாரும் பார்த்தது அன்று மட்டும்தான்.

தலையை மடியில் எடுத்து வைத்ததும் சந்தோஷ்குமார் கண்ணைத் திறந்தான். "சார், எல்லையத் தாண்டிட்டீங்க."

"வாயை மூடுறா. எந்திரி."

எழுந்தான். நின்றான். ஒன்றுக்குப் பூஜ்யம் என்று ஜெயித்தார்கள். முதல்வர் கறிச்சோறு சாப்பிட்டுவிட்டு, பஸ் நிறுத்த வேறு இடம் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். அனுமதியின்றி மைதானத்துக்குள் ஓடியதற்கு நடுவர் மஞ்சள் அட்டை காட்டினார். செல்லமுத்து காட்டியது அதைவிடப் பெரிது: "குத்தத்துக்கு அடுத்த வருசம் ஒரு புரவி செஞ்சு வச்சுருங்க சார்."

வைத்தார். கழுத்துக்கு மணி வேண்டாம், விசில் வேண்டும் என்று மண்குதிரை செய்யும் வேளாரிடம் கேட்டு வாங்கினார். தொப்பை மட்டும் வேளார் தானாகச் செய்தது.

இரண்டு வருடம் கழித்து ரத்தினவேலுக்கு மாரடைப்பு வந்தது. எல்லையைத் தாண்டியதால்தான் என்கிறது நெடுங்கண்மாய். பரோட்டா என்றார் டாக்டர். "ரெண்டுலயும் அவருக்கு அளவு தெரியாது" என்றார் பரிமளா.

கல்லூரி அணி இன்னும் இருக்கிறது. வெளியூர் ஆட்டத்துக்குப் போகும் பஸ் நெடுங்கண்மாய் வழியாகச் சுற்றிக்கொண்டுதான் போகும். கோல்கீப்பர் இறங்கிப் போய் அந்தக் குதிரையின் வயிற்றில் ரெண்டு தட்டுத் தட்டிவிட்டு வருவான். யாரும் கும்பிடுவதில்லை.