டாக்டரிடம் சொல்லாத மாத்திரை

மூன்று வருடங்களுக்கு முன், நான் சூலூரில் விசைத்தறி ஓட்டிக்கொண்டிருந்தபோது நடந்தது இது. எங்கள் நாய் ஜிம்மியின் பின்னங்காலில் பைக் ஏறிவிட்டது. கோயமுத்தூரில் ஒரு நாய் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்து, உள்ளே கம்பி வைத்துத் தைத்து அனுப்பினார்கள். வலிக்கு ஒரு மாத்திரை, ஒரு நாளைக்கு ஒன்று, சாப்பிட்ட பிறகு. வேறு எதுவும் கொடுக்கக் கூடாது என்று டாக்டரம்மா இரண்டு தடவை சொன்னார். நானும் எல்லாம் தெரிந்தவன் மாதிரி தலையை ஆட்டினேன்.

தறிக்காரனுக்கு மாத்திரை ஒன்றும் புதிதில்லை. பன்னிரண்டு மணி நேரம் நின்றால் இடுப்பும் காலும் கழன்றுவிடும். மெடிக்கலில் போய் 'ஒரு செட் குடுங்க' என்றால், எங்கே வலி என்று மட்டும் கேட்டுவிட்டு மூன்று மாத்திரைகளைக் காகிதத்தில் மடித்துத் தருவார்கள். போட்டுக்கொண்டு அடுத்த ஷிப்டுக்குப் போவோம். என் சட்டைப் பையில் எப்போதும் ஒரு செட் இருக்கும். தறிக்கூடத்தில் யாருக்கு எது வலித்தாலும் என்னிடம்தான் வருவார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் காலையிலிருந்து ஜிம்மி முனகிக்கொண்டே இருந்தது. தையலை நக்காமலிருக்கக் கழுத்தில் மாட்டிய பிளாஸ்டிக் புனலைச் சுவரில் இடித்துக்கொண்டு, படுக்கவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் தவித்தது. என்னால் பார்க்க முடியவில்லை. டாக்டருக்கு ஒரு போன் செய்திருக்கலாம். செய்யவில்லை. என் செட்டிலிருந்து வலி மாத்திரையை எடுத்துத் தயிர்சோற்றில் வைத்துப் பிசைந்தேன்.

"ஏனுங்க, அதுக்குத்தான் தனியா மாத்திரை குடுத்திருக்காங்கள்ல?" என்றாள் மனைவி.

"அதெல்லாம் கேக்காது. இதைப் போட்டாத்தான் அடங்கும். எனக்குத் தெரியாதா?"

அன்று ஜிம்மி நன்றாகத் தூங்கியது. மனைவியிடம் பீற்றிக்கொண்டேன். அடுத்த இரண்டு நாளும் கொடுத்தேன். அதன் பிறகு அது சோற்றுத் தட்டைத் திரும்பியே பார்க்கவில்லை. வாந்தி எடுத்தது. மலம் தார் மாதிரி கறுப்பாகப் போனது. முந்தின நாள் ஆட்டு ரத்தப் பொரியல் வைத்தோமே, அதனால்தான் என்று நானே முடிவும் கட்டினேன்.

மறுபடி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனோம். சுற்றிலும் பத்துப் பேர் நாயும் பூனையுமாக நின்றிருந்தார்கள். டாக்டரம்மாவுக்கு என் மகள் வயதுதான் இருக்கும். ஜிம்மியின் வயிற்றை அமுக்கிப் பார்த்தபடியே கேட்டார்.

"நாங்க குடுத்ததைத் தவிர வேற ஏதாச்சும் குடுத்தீங்களாங்கண்ணா?"

மனைவி என் முகத்தைப் பார்த்தாள்.

"இல்லைங்க" என்றேன். ரத்தப் பொரியல் கதையையும் சேர்த்துச் சொன்னேன்.

அவர் வலி மாத்திரையை நிறுத்தச் சொல்லி, வாந்திக்கு ஊசி போட்டு அனுப்பினார். நாலு பேர் முன்னால் கட்டியவனை விட்டுக்கொடுக்கக் கூடாதென்று மனைவி வாயைத் திறக்கவில்லை.

மறுநாள் காலை ஜிம்மியின் ஈறு வெளுத்துக் கிடந்தது. திரும்பவும் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். இந்த முறை மனைவியே எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். டாக்டரம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"நேத்தே சொல்லியிருந்தா நேத்தே டிரிப் போட்டிருப்பனுங்கண்ணா. அந்த மாத்திரையால வயித்துல புண்ணாகி ரத்தம் போயிட்டிருக்குது. கிட்னியும் அடிவாங்கிருச்சு."

மத்தியானம் டிரிப் ஏறிக்கொண்டிருக்கும்போதே ஜிம்மி செத்துப்போனது. ஆபரேஷன் செய்த காலில் தையல் நன்றாக ஆறி வந்திருந்தது.

தெரியாமல் கொடுத்துவிட்டாய், விடு என்று எத்தனையோ பேர் ஆறுதல் சொன்னார்கள், மாத்திரை விஷயத்தில் நானும் ஒருவழியாக மனதைத் தேற்றிக்கொண்டேன். ஆனால் பத்துப் பேர் முன்னால் மானம் போய்விடும் என்று நான் சொன்ன அந்த 'இல்லைங்க' தெரிந்தே சொன்னது, அதை நினைத்தால் இன்றைக்கும் என் மூஞ்சியில் நானே காறித் துப்ப வேண்டும் போலிருக்கிறது.