கோதை அக்கா கேட்ட வியாழக்கிழமை

உலகத்தில் எந்த இரண்டு கம்ப்யூட்டர்களும் என் அக்கா கோதையிடம் உத்தரவு வாங்கிக்கொண்டுதான் ஒன்றோடொன்று பேசும். செயற்கைக்கோள்கள்கூட விமான் நகருக்கு மேலே வரும்போது வேகத்தைக் குறைத்து, அவள் ஆபீசைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போவதாகக் கேள்வி.

அப்பேர்ப்பட்டவள் புனேயில் எங்கள் வீடிருந்த கோர்படி ரயில்வே காலனியிலிருந்து தினமும் ஸ்கூட்டியில் வேலைக்குப் போவாள். மழை வந்தால் ஸ்கூட்டி கிளம்பாது. அவள் மட்டும் போவாள்.

இரண்டாயிரத்து மூன்றில் அவள் கம்பெனிக்கு ஒரு ரத்த வங்கியின் வேலை வந்தது. எந்த வகை ரத்தம் கைவசம் இருக்கிறது என்று கவுண்டரில் தட்டினால் தெரிய வேண்டும். கவுண்டரில் ஓடும் புரோகிராம் ஒரு பக்கம், டேட்டாபேஸ் மறுபக்கம். இரண்டையும் இணைக்க, புரோகிராம் எழுதுகிறவர்களுக்கென்று தயாராக ஒரு ‘கிட்’ கிடைக்கும். கவுண்டரில் அடிப்பதை ஏற்றிக்கொண்டு போய் டேட்டாபேஸில் இறக்கிவிட்டு, ‘இறக்கியாச்சு’ என்று திரும்பி வந்து சொல்கிற சிக்ஸ் சீட்டர் ஷேர் ஆட்டோ என்று வைத்துக்கொள்ளுங்கள். கணக்குப் பாடம் என்னைப் பன்னிரண்டாவதில் இரண்டு முறை கைவிட்டதால் நான் வீட்டில்தான் இருந்தேன். இதெல்லாம் தானாகவே காதில் விழுந்தது.

எந்த கிட் என்பதில்தான் தகராறு. மேனேஜர் சுந்தரராமன் மும்பைக்காரர் ஒருவர் விற்ற கிட்டில் மயங்கியிருந்தார். நல்ல வேகம், நல்ல நிறம். கோதை விரும்பியது பார்க்க ரேஷன் கார்டு மாதிரி இருக்கும்.

"சார், ரெண்டு கிட்டோட டெமோவையும் வியாழக்கிழமை வைங்க," என்றாள் கோதை.

"வியாழனா? புனேல அன்னிக்குத்தானேம்மா ரிப்பேர்னு கரண்டை நிறுத்துவான்."

"அதுக்குத்தான் சார். நடுவுல கரண்ட் போனா எது பொய் சொல்லுதுன்னு பாக்கணும்."

"விருந்தாளிய வரச் சொல்லிட்டு விளக்க அணைப்பாங்களா? புதன்கிழமைதான்."

சாப்பிடும்போது அக்கா சொன்னாள்: "ரத்தம் இருக்குன்னு அது பொய்யா காட்டினா? அதை நம்பி யாராவது ஓடி வருவாங்கடா." நான் அவள் தட்டிலிருந்து அப்பளத்தை எடுத்ததைக்கூட அவள் கவனிக்கவில்லை. அது எனக்குப் பிடிக்கவில்லை.

புதன் காலை கிளம்பும்போது என்னிடம் சொன்னாள்: "மத்தியானம் எனக்குச் சாப்பாட்டு டப்பா கொண்டு வா. சர்வர் ரூம்ல உக்காரு, ஏசி இருக்கும். சுவத்துல ஒரு சிவப்பு சுவிட்ச் இருக்கு. அதை மட்டும் தொட்டுடாதே."

நான் போனபோது பக்கத்து அறையில் டெமோ நடந்துகொண்டிருந்தது; திறந்திருந்த கதவு வழியே எல்லாம் தெரிந்தது. மும்பைக்காரர் ‘பி நெகட்டிவ், ஒரு பை’ என்று அடித்தார். அவர் பட்டனை அழுத்திய அதே நொடியில் நான் சிவப்பு சுவிட்சை அணைத்தேன். டேட்டாபேஸ் இருந்த சர்வர் மூச்சை விட்டது.

"ஒரு ஃபேஸ் போயிருக்கும்," என்றார் சுந்தரராமன். அவர் தலைக்கு மேல் மின்விசிறி ஜம்மென்று சுற்றிக்கொண்டிருந்தது. யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. திரையில் மட்டும் ‘பதிவாகிவிட்டது’ என்று பச்சையில் மின்னியது.

சுவிட்சைப் போட்டேன். அவர்கள் டீ குடித்து முடிப்பதற்குள் சர்வர் எழுந்துவிட்டது. தேடினால் அந்தப் பை இல்லை.

"நெட்வொர்க் ப்ராப்ளம், சாப்," என்றார் மும்பைக்காரர்.

அடுத்தது அக்காவின் கிட். அதே பை. அவள் பட்டனை அழுத்தினாள், நான் மறுபடி அணைத்தேன். திரையில் சிவப்பாக ஒரு வரி வந்தது: ‘பதிவாகவில்லை. மீண்டும் அடிக்கவும்.’

சுந்தரராமன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "லட்சணமா இல்லை. ஆனா உள்ளதைச் சொல்லுது. இதையே போடு."

சாயங்காலம் வீடு திரும்பும்போது கோர்படி ரயில்வே கேட் மூடியிருந்தது. ஸ்கூட்டியை ஓரம் கட்டி அக்கா எனக்கு வடா பாவ் வாங்கிக் கொடுத்தாள்.

"சும்மா விளையாட்டுக்குத்தான் அணைச்சேன். நீ ஜெயிச்சது என் புண்ணியம்," என்றேன்.

"தொடாதேன்னா நீ தொடுவேன்னு தெரிஞ்சுதானே உன்னை அங்க உக்கார வெச்சேன்."

நான் பெரிதாக ஒரு கடி கடித்தேன்.

"அது சரி, விளையாட்டுன்னா ஒரு தடவை போதுமே. என் கிட்டுக்கும் ஏன்டா சரியா அதே நேரம் பாத்து அணைச்சே?"

வாய் நிறைய இருக்கிறது என்று கையால் ஜாடை காட்டினேன்.

"அப்பவே முழுங்கிட்டே. பாத்துட்டேன். பேசு."