எட்டு மணிக்கு வந்த ஐயர்

புதுச் சுண்ணாம்பு வாசனை. ஈரத் தரையில் அரிசிமாக் கோலம். வாசலில் மாவிலைத் தோரணம்... மயிலாப்பூரில் நான் குடிபுகுந்த முதல் வீட்டை நினைத்தால் இவைதான் முதலில் வரும்.

தோரணம் நான் கட்டியதல்ல. கோலமும் நான் போடச் சொன்னதல்ல. அதுதான் கதையே.

அப்போது எனக்கு இருபத்தைந்து வயது. பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்துச் சில மாதம் ஆகியிருந்தது. கல்யாணமும் ஆகி, மனைவி மட்டும் ஊரிலிருந்து வரவேண்டியிருந்தது. வீடு தேடி அலைந்து களைத்தபோது எங்கள் ஐயர்தான், குளத்துக்குப் பின்தெருவில் ஒரு போர்ஷன் காலியாக இருக்கிறது என்று சொன்னார்.

இங்கே இளையவர்களுக்காக ஒரு விளக்கம். எங்கள் புராட்டஸ்டன்ட் சபைகளில் அன்று போதகரை ஐயர் என்றுதான் சொல்வோம். அவர் மனைவி ஐயரம்மா. அவர்கள் வசிக்கும் வீடு குருமனை. எங்களுக்கு அது பழகின வார்த்தை, அவ்வளவுதான்.

வீட்டுக்கார மாமிக்கு அது தெரியாது. யார் சொல்லி வந்தேள் என்று கேட்டார். எங்க ஐயர் சொன்னார் என்றேன். என் பெயர் செல்வராஜ். அதை வைத்தும் ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது. மாமி சந்தோஷமாகச் சாவியைக் கொடுத்தார். பால் காய்ச்சும்போது ஐயர் வருவாரோ என்றார். சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு வருவார் என்றேன். நான் சொன்னது அத்தனையும் உண்மை...

சனிக்கிழமை, எட்டடிக்கும்போது சைக்கிள் மணி. வெள்ளை அங்கி, கேரியரில் வேதாகமம். ஐயர் செருப்பைக் கழற்றிவிட்டு, கோலத்தை மிதிக்காமல் சுற்றி வந்து நின்றார். மாமி அவருக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார், ஐயரைத் தேடி.

"இவர்தான் மாமி" என்றேன்.

மாமியின் முகத்தைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. மறுநாள் காலை எழும்பூரில் மனைவி பாத்திரம் பண்டத்தோடு வந்து இறங்குவாள். அவளை எங்கே கூட்டிப்போவேன்?

ஐயர் மழுப்பவில்லை. "அம்மா, நான் சர்ச் ஐயர். இவன் விவரமா சொல்லியிருக்கணும். உங்களுக்கு மனசில்லன்னா இன்னிக்கே காலி பண்ணிடுவான். குருமனைல ஒரு ரூம் இருக்கு, நான் வெச்சுக்கிறேன்."

மாமி கடிகாரத்தைப் பார்த்தார்.

"எங்காத்து வாத்தியார் எட்டு மணின்னா பத்தரைக்குத்தான் வருவார்" என்றார். தங்கள் புரோகிதரைச் சொல்கிறார் என்று புரிவதற்குள், பள்ளிக்கூட வாத்தியாரான எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "நீங்க எட்டுன்னா எட்டுக்கே வந்துட்டேள். கோலமும் போட்டாச்சு. ஆரம்பிங்கோ."

ஜெபம் முடியும்வரை மாமி நிலைப்படியில் நின்றார். பிறகு ஒரே ஒரு நிபந்தனை: மீன், கறி வாசனை மட்டும் வரக்கூடாது.

"அதுக்கு எங்க வீடு இருக்கு" என்றார் ஐயர்.

விளையாட்டுக்குச் சொன்னார் என்று நினைத்தேன். ஒன்பது வருஷம், ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஐயரம்மா கையால் மீன் குழம்பு. தி.நகர், அடையாறு என்று ஐயர் சபை மாறியபோதும் நாங்கள் பஸ் பிடித்துப் போனோம்.

மாமி இடுப்பு எலும்பு முறிந்து படுத்தபோது ஐயர் வாராவாரம் எட்டு மணிக்கு வந்தார். ஜெபம் செய்யட்டுமா என்று ஒரு நாளும் கேட்டதில்லை. தேர்க் கூட்டத்தில் சைக்கிளைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு தெருவைக் கடந்த கதையைச் சொல்லி மாமியைச் சிரிக்க வைப்பார். அவர் தலை தெரிந்ததும் மாமி தன் மகள் கல்யாணியிடம், "ஐயர் வந்தாச்சு, கடிகாரத்தைச் சரி பண்ணு" என்பார்.

மாமி இப்போது இல்லை. போன மாதம் ஐயருக்கு எண்பத்தைந்து வயது ஆனது. அடையாறு சபையில் ஸ்தோத்திர ஆராதனை வைத்தோம். பேனரில் 'ரெவரெண்ட்'. பிள்ளைகள் வாயில் 'பாஸ்டர் தாத்தா'.

கல்யாணியும் வந்திருந்தாள். வாசலில் பேட்ஜ் குத்தி நின்ற பெண்ணிடம், ஐயர் வந்துட்டாரா என்று கேட்டாள்.

"இது சர்ச், ஆன்ட்டி. ஐயர் வேணும்னா கோயில் பக்கத்துத் தெருவுல இருக்கு."

கதவருகே சக்கர நாற்காலியில் இருந்த ஐயர் காதில் அது விழுந்துவிட்டது. தோள் குலுங்கச் சிரித்தார்.

"என்னைத்தாம்மா தேடுறா. உள்ள விடு."

அன்றைக்கு முழுக்க அவரை ஐயர் என்று கூப்பிட்டவள் அவள் ஒருத்திதான். நான்கூட மைக்கில் பாஸ்டர் என்றே பேசிவிட்டு வந்து உட்கார்ந்தேன்...