அம்மாவுக்கு எட்டுற கொக்கி

மயிலாப்பூர்ல, தெற்கு மாட வீதிக்குப் பின்னால ஒரு சந்துல எங்க வீடு. கீழ் போர்ஷன். ஒரு ஹால், ஒரு ரூம், ஒருத்தர் உள்ள போனா இன்னொருத்தர் வெளிய வரணும்கிற அளவுக்கு ஒரு சமையலறை. அதுல நானும் அம்மாவும்.

அம்மாவுக்குத் தரைதான் மேஜை, தரைதான் அலமாரி. அரிவாள்மனை, முறம், பேப்பர், மூக்குக்கண்ணாடி, மாத்திரை டப்பான்னு சுத்திப் பரப்பிக்கிட்டு நடுவுல உக்காந்தாங்கன்னா ராஜாங்கம் நடக்கும். நான்தான் தாண்டித் தாண்டிப் போகணும். எதையும் தேடி அவங்க எழுந்ததே கிடையாது.

போன வருஷம் பாத்ரூம் வாசல்ல வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பு முறிஞ்சு, ஆபரேஷன் ஆச்சு. பிசியோதெரபி சொல்லிக்குடுத்த பொண்ணு, அம்மா கையில வாக்கரைக் குடுத்துட்டு என்கிட்ட கறாரா சொல்லிடுச்சு: "தரையில கால்மிதிகூட இருக்கக் கூடாது மேடம். அம்மா இனிமே கீழ உக்காரவும் கூடாது."

அண்ணன் ஆஸ்பத்திரியிலயே ஆரம்பிச்சுட்டான். அவனுக்குப் பெருங்குடியில லிஃப்ட் வெச்ச ஃபிளாட், மூணு பெட்ரூம். "உன் வீட்டுல எறும்பு நடக்கவே இடமில்ல, அம்மா வாக்கரோட எங்க நடப்பாங்க? நான் கூட்டிட்டுப் போறேன்." அவன் சொன்னதுல தப்பே இல்ல. அதுதான் எரிச்சல். அம்மாகிட்ட கேட்டா, "பாக்கலாம்." அவனுக்கும் பாக்கலாம், எனக்கும் பாக்கலாம். "கொஞ்ச நாள் டைம் குடு, வந்து பாரு. இடம் இல்லன்னா நீயே கூட்டிட்டுப் போ"ன்னு வீராப்பா சொல்லிட்டேன். சொன்ன பிறகுதான் யோசிச்சேன். நான் ஸ்கூல் டீச்சர். நாள் பூரா ஊரான் பிள்ளைங்ககிட்ட கத்திட்டு வீட்டுக்கு வந்தா, அங்க சண்டை போடக்கூட ஆள் இல்லன்னா எப்படி?

சரி, தரையைக் காலி பண்ணணும். எல்லாத்தையும் செவத்துல ஏத்தணும். ஆனா ஆணி அடிக்கக் கூடாதுங்கறது மாடியில இருக்கிற வீட்டுக்காரர் போட்ட முதல் கண்டிஷன். பாண்டி பஜார் போய் ஒட்டுற கொக்கியா அள்ளிட்டு வந்தேன். சமையலறை டைல்ஸ்ல கெட்டியா ஒட்டிக்கிச்சு. ஹால் செவத்துல பெயிண்டோட உரிஞ்சு வந்துச்சு. தோசைக்கல்லு விழுந்த சத்தத்துல வீட்டுக்காரரே இறங்கி வந்துட்டார். இன்னிக்கு நாம காலின்னு நெனச்சேன். வாக்கரைப் பிடிச்சுக்கிட்டு வழி இல்லாம நின்ன அம்மாவைப் பார்த்தார். நேரா மேல போய் டிரில்லிங் மெஷினை எடுத்துட்டு வந்தார். "நீங்க பெயிண்டை உரிச்சு வெக்கிறதுக்கு நானே ஓட்டை போட்டுத் தரேன்மா."

அப்புறம் என்னைப் பிடிக்க முடியுமா? துண்டு, குடை, பை, முறம், வாணலி, மாத்திரை வெச்ச துணிப்பை, எல்லாம் ஏறிடுச்சு. கதவுக்குப் பின்னால துடைப்பம் ஏறினதும் அம்மா பதறினாங்க.

"துடைப்பத்தை நிக்க வெக்கக் கூடாதுடி, வீட்டுக்கு ஆகாது."

"நிக்க வெக்கலையே, தொங்கத்தானே விட்டிருக்கேன்."

"வாய் மட்டும் இல்லன்னா உன்னை நாய் தூக்கிட்டுப் போயிடும்."

ஆனா தரை! பெருக்கித் துடைச்சா பளிச்சுனு கண்ணாடி கணக்கா இருந்துச்சு. அண்ணனுக்கு போட்டோ எடுத்து அனுப்பினேன். அவன் கட்டை விரலை மட்டும் அனுப்பினான். ஞாயித்துக்கிழமை நேர்ல வரேன்னான்.

லீவு முடிஞ்சு நான் ஸ்கூலுக்குப் போன முதல் நாள். சாயந்திரம் வந்து பாத்தா அம்மா கட்டில்ல உக்காந்திருந்தாங்க. பக்கத்துல பேப்பர் மடிச்சது மடிச்சபடி. முந்தானை ஈரம்.

"பேப்பர் படிக்கலையா?"

"கண்ணாடி மேல தொங்குது."

"எடுத்துக்க வேண்டியதுதானே?"

அம்மா கண்ணாலயே செவத்துக் கொக்கியைக் காட்டினாங்க. அப்பதான் எனக்கு உறைச்சுது. கொக்கியெல்லாம் என் மூஞ்சி உசரத்துக்கு இருக்கு. வாக்கர்ல ஊனின கையை அவங்க தோளுக்கு மேல தூக்கினா ஆள் சாஞ்சிடும்.

"மூஞ்சி கழுவினேன், துண்டு எட்டல. புடவையில துடைச்சுக்கிட்டேன்."

"ஒரு போன் பண்ணியிருக்கலாம்ல?"

"துண்டு எடுத்துக் குடுக்கவா?" அம்மா ஈர முந்தானையை உதறினாங்க. "தரையில இருந்தப்ப எல்லாம் என் கையில இருந்துச்சு. இப்ப எல்லாம் உன் கையில இருக்கு. இதுக்கு அவன் வீட்டுக்கே போயிடலாம். அங்கன்னா எதுவும் என்னுது இல்லன்னு மனசு சமாதானம் ஆயிடும்."

பொலபொலன்னு அழுதுட்டேன். அவங்க நடக்க வழி பண்ணினேன். நடந்து போய் எடுக்கிறதுக்கு ஒண்ணையும் விட்டு வெக்கல.

மறுநாள் அம்மாவை வாக்கரோட செவத்தோரமா நிக்க வெச்சு, "எக்காம கையை நீட்டு, எங்க படுதோ அங்க"ன்னேன். அவங்க தொட்ட இடத்துல எல்லாம் பென்சில்ல கோடு போட்டேன். எந்த எடத்துல எது தொங்கணும்னும் அவங்கதான் சொன்னாங்க. கண்ணாடி ஜன்னல் பக்கம், கரண்டி அடுப்பு ஓரம். வீட்டுக்காரர் தலையில அடிச்சுக்கிட்டார். "இது செவராம்மா, இல்ல சல்லடையா?" ஆனாலும் ஓட்டை போட்டுத் தந்தார். இப்ப நான்தான் ஒவ்வொண்ணுக்கும் குனியணும். குனிஞ்சா ஒண்ணும் குறைஞ்சிட மாட்டேன்.

ஞாயித்துக்கிழமை அண்ணன் வந்தான். அம்மா துணிமணியைக் கொண்டுபோக ஒரு காலிப் பயணப் பையும் எடுத்துட்டு வந்திருந்தான். அதை ஹால் நடுவுல தரையில போட்டுட்டு, "என்ன இது, கொக்கியெல்லாம் இடுப்பு உசரத்துக்கு அடிச்சு வெச்சிருக்கீங்க?"ன்னு சிரிச்சான். சமையலறையில இருந்து அம்மா வர்ற வாக்கர் சத்தம் கேட்டுச்சு. பைகிட்ட வந்து நின்னுட்டாங்க.

"அதை எடு தம்பி. நான் நடக்குற எடம் இது."

அவன் பதறி எடுத்தான். அம்மா ஒரு கையால வாக்கரைப் பிடிச்சுக்கிட்டு, இன்னொரு கையால அந்தப் பையை வாங்கி, வாசக்கதவு பக்கத்துக் கொக்கியில தானே மாட்டினாங்க.

"சாப்பிட்டுட்டுக் கிளம்பு. போறப்ப பையை மறந்துடாதே."