அப்பாவை ஏன் எரிக்கவில்லை

ஓராண்டாக உறவுகள் பலரும் என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான். சிலர் முகத்துக்கு நேரே கேட்டீர்கள், சிலர் என் முதுகுக்குப் பின்னால். நம் குடும்பத்தில் எல்லோரையும் எரித்து அஸ்தியைக் கடலில் கரைப்பதுதானே வழக்கம், உங்கள் அப்பாவை மட்டும் ஏன் மண்ணில் வைத்தீர்கள் என்று. வாயால் சொல்லப் போனால் அழுகை முந்திக்கொள்கிறது. அதனால் அப்பாவின் முதலாண்டு நினைவு மலரில் எழுதுகிறேன்.

அப்பா உடப்பில், கடற்றொழில் செய்யும் குடும்பத்தில் பிறந்தவர். கடலுக்குப் போன முதல் நாளே வாந்தி எடுத்துக்கொண்டு கரைக்கு வந்தாராம். "மீன் பிடிக்கப் போய் மீனுக்குச் சோறு போட்டுட்டு வந்தவன்" என்று பெரியப்பா இன்றும் கேலி செய்வார். கலியாணத்துக்குப் பிறகு அம்மாவை அழைத்துக்கொண்டு மதுரங்குளிப் பக்கம் வந்து, தென்னந்தோட்டம் ஒன்றின் ஓரத்தில் தேங்காய்ச் சிரட்டைக் கரி சுடத் தொடங்கினார். கேலி செய்த பெரியப்பாவும் படகை விற்றுவிட்டு அதே வேலைக்கு வந்து சேர்ந்தார்.

நிலத்தில் வெட்டிய குழியில் சிரட்டையைக் கொட்டித் தீ வைப்பார்கள். சுவாலை அடங்கும் பதம் பார்த்துத் தகரத்தால் மூடி மண் போடுவார்கள். அதற்குப் பிறகு வெள்ளைப் புகை தரையோடு ஊர்ந்துகொண்டே இருக்கும். அந்தக் கரியில்தான் அண்ணாவும் நானும் வளர்ந்தோம், படித்தோம். கரி வாங்க வரும் கனமூலை முஸ்லிம் வியாபாரியை, அவர்கள் அண்ணனை அழைப்பதுபோல், அப்பா நானா என்று அழைத்தார். மரியாதை தெரியாத பிள்ளைகள் நாங்களும் அவரை நானா என்றே அழைத்தோம், அவரும் சிரித்துக்கொண்டே விட்டுவிட்டார்.

அந்தப் புகையைக் கெட்டது என்று எங்கள் வீட்டில் யாரும் நினைத்ததில்லை. சாமிக்குச் சாம்பிராணி போடுவது சிரட்டைக் கரியில். முழுக வார்த்த குழந்தைக்குப் புகை காட்டுவதும் அதே கரியில். சாமிக்குப் போடுகிற புகை ஆளை என்ன செய்துவிடும்? வெள்ளிக்கிழமைகளில் அம்மா தலைக்கு முழுகிவிட்டுக் குழிக்கருகே நின்று கூந்தலை விரித்துப் பிடிப்பார். நுளம்பும் அண்டாது, சளியும் பிடிக்காது என்று என்னையும் இழுத்துப் பக்கத்தில் நிறுத்துவார். பிள்ளைக்கு நல்லது செய்வதாகவே அவர் நினைத்தார்.

அந்த அம்மாவுக்குத்தான் மூச்சு முட்டு வந்தது. கிணற்றடியிலிருந்து குசினிக்கு ஒரு வாளி தண்ணீர் கொண்டுவர முடியாமல் நடுவில் உட்கார்ந்துவிடுவார். புத்தளத்தில் டொக்டரிடம் காட்டினோம்.

"வீட்டில ஆராவது சிகரெட் குடிக்கிறதா?"

"இல்ல டொக்டர். நாங்க கரி சுடுறம்" என்றார் அப்பா.

டொக்டர் பேனையை வைத்துவிட்டுப் பொறுமையாக விளக்கினார். புகையில் கண்ணுக்குத் தெரியாத தூள் இருக்கிறது. அது மூக்கில் தங்காமல் நெஞ்சின் அடிவரை போய்விடும். வருடக்கணக்காகப் போனால் மூச்சுக் குழாய்கள் புண்பட்டுச் சுருங்கும், பிறகு பழையபடி விரியா. விறகோ சிரட்டையோ சிகரெட்டோ, நெஞ்சுக்கு எல்லாம் புகைதான் என்றார். அந்தக் கிழமையே அப்பா குழியை மண் போட்டு மூடினார். அம்மாவுக்கு அது பிந்திப் போன காரியம்.

அம்மாவை வழக்கப்படி எரித்தார்கள். அன்று காற்று ஊர்ப்பக்கம் அடித்தது. புகை வீடுகளுக்குள் நுழைவதையும், ஒரு தாய் பிள்ளையின் மூக்கைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டு உள்ளே ஓடுவதையும் அப்பா திரும்பும் வழியில் கண்டார். அந்தக் காட்சி அவரை விடவேயில்லை. சாப்பிடும்போது கையை நிறுத்தி மோப்பம் பிடிப்பார். "எங்கேயோ எரியிது, ஜன்னலைச் சாத்து புள்ள" என்பார். எங்கும் எதுவும் எரியாது. எனக்குப் பயமாக இருக்கும், ஆனாலும் சாத்துவேன். பிறகு அவருடைய நெஞ்சும் கைவிட்டது. வாய்க்குள் மருந்து அடிக்கும் பம்ப் இல்லாமல் முற்றத்துப் படலைவரைகூட நடக்க முடியாமல் போயிற்று. எங்கள் இருவரையும் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொன்னார்.

"என்னை எரிக்க வேணாம். இவ்வளவு நாளும் நான் விட்ட புகையே காணும். இனி என்னால ஒருத்தர்ட நெஞ்சுக்குள்ளயும் புகை போகப்படாது."

அண்ணா ஓம் என்றார். ஆனால் அப்பாவின் உடல் வீட்டில் கிடந்தபோது பெரியப்பா ஒத்துக்கொள்ளவில்லை. "எரிக்காட்டி அஸ்தி ஏது? கடல்ல எதைக் கரைக்கிற? வருத்தக்காரன் படுக்கையில கதைச்சதைப் பிடிச்சிட்டுத் தொங்காதீங்க" என்று உழவு மெஷினில் விறகை ஏற்றி முன்னால் அனுப்பிவிட்டார். அண்ணா பாடைக்குத் தோள் கொடுக்கப் போனார். பெண்கள் சுடலைக்குப் போவதில்லை. பாடை போன பிறகு நான் முற்றத்தில் நின்று தென்னைகளுக்கு மேலே பார்த்துக்கொண்டிருந்தேன். புகை எழுந்தால் அப்பா தோற்றுவிட்டார் என்று அர்த்தம். ஒரு தரம் வடக்கே புகை தெரிந்து உயிரே போய்விட்டது. அது யாரோ குப்பை எரித்தது.

அண்ணா வந்து கழற்றிப் போட்ட வேட்டியை எடுத்து மணந்து பார்த்தேன். ஈர மண் மணத்தது.

சுடலையில் நடந்ததை அண்ணா சொன்னார். விறகு அடுக்கக் குனிந்த பெரியப்பாவுக்கு மூச்சு எடுபடவில்லை. வாயைத் திறந்தபடி விறகின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். அப்பாவுக்குக் கடைசியாக அடித்த பம்ப் அண்ணாவின் வேட்டி மடிப்பில் இருந்திருக்கிறது. அதை அடித்த பிறகுதான் பெரியப்பாவுக்குப் பேச்சு வந்தது. பேசிய முதல் வார்த்தை, "தோண்டுங்க."

ஓடிப்போய் மண்வெட்டி கொண்டுவந்தார்கள், ஆனால் ஆளை வைக்கும் ஆழத்துக்குக் குழி வெட்டி எங்கள் ஆட்களுக்குப் பழக்கமில்லை. வெட்ட வெட்ட மணல் சரிந்தது. பாடையோடு வந்திருந்த நானாதான் முன்னுக்கு வந்தார். "மணல் நிக்காது மனே, பலகை வெச்சித்தான் எறங்கோணும்" என்று சொல்லி, கனமூலையிலிருந்து பலகையும் அடக்கக் குழி வெட்டிப் பழகிய ஆட்களும் வரவழைத்தார். நானாவுக்கும் அவருடைய ஆட்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் நன்றியோடிருக்கும். இராப்பகலாகத் துணையிருந்த அயலவர்களுக்கும் நன்றி. உங்கள் பிள்ளைகளின் நெஞ்சிலும் எங்கள் புகை இருக்கிறது என்பதை நான் மறக்கவில்லை.

அப்பாவின் அந்த மூக்கு இப்போது எனக்கு வந்துவிட்டது. கறி கூட்டும்போது எங்கேயோ எரிவதுபோல் இருக்கும். போய் ஜன்னலைச் சாத்திவிட்டு வருவேன்.

போன கிழமை பெரியப்பா திவச ஒழுங்குகள் பற்றிக் கதைக்க வந்தார். படலைக்கும் வாசலுக்கும் இடையில் நின்று நின்று வந்து, கதிரையில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார். "எனக்கும் மண்தான் புள்ள. நீ சுடலைக்கு வர ஏலாது. இப்பவே எல்லார்ட்டயும் சொல்லி வை" என்றார்.

அச்சிலேயே சொல்லிவிட்டேன், பெரியப்பா. இதை வாசித்த அத்தனை பேரும் சாட்சி.