கொடி அசையாத நாளில் இரண்டு சன்னங்கள்

செய்தி வந்தபோது நான் இரும்பு கடையும் லேத்தின் முன்னால் நின்றிருந்தேன். மத்தியான இடைவேளைக்குப் பத்து நிமிடம் இருந்தது. ஃபோர்மன் வந்து தோளில் தட்டி, ஒபிசில் எனக்கு ஃபோன் என்றார். மறுமுனையில் எங்கள் பரிசோதகர் றெஜினாவின் தங்கை பிலோமினா. "அண்ணை, அக்கா எங்களை விட்டிட்டுப் போட்டா. விடிய ஆறு மணிக்கு" என்றார். "ஓம்" என்றேன். திரும்பி வந்து பார்த்தால், ஓடவிட்டுப் போன லேத்தில் இருந்த இரும்புத்துண்டு அளவு தப்பிப் பழுதாகியிருந்தது. அதைப் பிடித்துத் திருப்பி அனுப்ப இனி றெஜினா இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு நாலு வரி எழுதித் தாருங்கள் என்று பிலோமினா கேட்டிருக்கிறார். நாலு வரியில் இது அடங்காது. இப்படியான மலர்களில் எழுதாத ஒன்றையும் எழுதவேண்டியிருக்கிறது. அவரை அறிந்தவர்கள் பொறுமையாக வாசிக்க வேண்டும்.

றெஜினா மன்னாரைச் சேர்ந்தவர். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஸ்காபரோவில் எங்கள் இரும்புப் பாகத் தொழிற்சாலைக்கு வந்து, பரிசோதனை மேசையில் அமர்ந்தார். நாங்கள் கடைந்து அனுப்புவதை அளந்து பார்த்து, பிழையானதில் ஒரு சிவப்பு அட்டை கட்டுவது அவருடைய வேலை. அட்டையில் பொருள், எண்ணிக்கை, பிழை, செய்தவர் பெயர் என்று கோடுகள் இருக்கும். மற்றப் பரிசோதகர்கள் எல்லாவற்றையும் தாங்களே எழுதி மேலே அனுப்பிவிடுவார்கள். றெஜினா பெயரை மட்டும் எழுதமாட்டார். அட்டையை அவரவர் மெசினில் மாட்டிவிட்டுப் போய்விடுவார். செய்தவன் தானே பெயரை எழுதிக் கொண்டுபோய்க் கொடுக்கவேண்டும். அதன் கீழே அவர் ஒப்பமிட்டு, "சரி, இனி வேலையைப் பாருங்கோ" என்பார். பிறகு அந்தப் பிழையைப் பற்றி ஒரு நாளும் பேசமாட்டார்.

அவர் வந்த இரண்டாவது கிழமையே என் மெசினில் சிவப்பு அட்டை தொங்கியது. எனக்குக் கோபம் மூக்கு நுனியில். அவரை விட எட்டு வயது மூத்தவன் வேறு. நேரே மேசைக்குப் போய், "எட்டு வருசமா இந்த லேத்திலை நிக்கிறன். நேற்று வந்த நீர் எனக்கு அளவு சொல்லித் தாறீரோ?" என்று கத்தினேன். அவர் எழும்பவும் இல்லை. அளவுகோலை என் பக்கம் தள்ளினார். "அண்ணை, நினைச்சதைச் சொல்லாதேங்கோ. அளந்ததைச் சொல்லுங்கோ." அளந்தேன். பிழைதான். பெயரை எழுதிக் கொடுத்தேன். எங்கள் நட்பு அப்படித்தான் தொடங்கியது.

அவர் துவக்குச் சுடுகிற சங்கத்தில் சேர்ந்தது பலருக்குத் தெரியும். தெரிந்தவர்கள் தங்கள் பாட்டுக்குக் கதைத்ததும் தெரியும். ஃபோர்மன்தான் முதலில் கூட்டிப்போனார். வடக்கே இரண்டு மணிநேரக் கார் ஓட்டம். தொள்ளாயிரம் மீற்றர் தூரத்தில் ஒரு பேப்பர் இலக்கு, இடையில் காற்றைக் காட்டும் கொடிகள். நானும் துணைக்குப் போகத் தொடங்கியபோது என் மனைவி, "துவக்குச் சத்தத்துக்குப் பயந்து ஓடி வந்தம். நீங்கள் பெற்றோல் அடிச்சுக்கொண்டு போய்க் கேக்கிறியள். விசரே உங்களுக்கு?" என்றார். அந்தக் கேள்வியை றெஜினாவிடமே காரில் கேட்டுவிட்டேன்.

அவர் தமையனைப் பற்றிச் சொன்னார். மன்னாரில் சண்டைக் காலத்தில் சைக்கிளில் போன மனிதனை எங்கிருந்தோ வந்த ஒரு துவக்குச் சன்னம் விழுத்தியது. "எல்லாரிட்டையும் போய்க் கேட்டம் அண்ணை. அவையள் இவையள் எண்டிச்சினம், இவையள் அவையள் எண்டிச்சினம். அந்தச் சன்னத்துக்கு ஆளே இல்லை. இங்கை ஒவ்வொண்டுக்கும் ஆள் இருக்கு. என்ரை பேருக்கு நேரை எழுதுகினம். பிழைச்சாலும் என்ரைதான்." அதற்குப் பிறகு அந்தக் கேள்வியை நான் கேட்கவில்லை.

தூரத்துச் சூட்டுக்காரர்கள் கடையில் வாங்கும் துவக்கு ரவையை நம்புவதில்லை. சுட்டு முடிந்த பித்தளைக் கோதைத் துப்புரவாக்கி, வெடிமருந்தை நிறுத்துப் போட்டு, மேலே சன்னத்தைப் பொருத்தித் தாங்களே செய்வார்கள். றெஜினா சமையலறை மேசையில் செய்தார். ஒரு வருடம், அவர் வழக்கமாக வாங்கும் சன்னத்தின் மூக்கைக் கொம்பனிக்காரர் சற்று மாற்றிவிட்டார்கள். அதே பெயர், அதே பெட்டி, அதே நிறை. பெட்டியின் மூலையில் ஓர் எழுத்து மட்டும் புதிது. சங்கத்தில் ஒருவரும் கவனிக்கவில்லை. றெஜினா கவனித்தார். நுனி ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கூடிக்குறையும் என்பதால் முழு நீளத்தை அளந்து பயனில்லை. ஆகவே நான் லேத்தில் ஓர் உருக்கு வளையம் கடைந்து கொடுத்தேன். சன்னத்தின் மூக்கு வளையத்தின் துளைக்குள் போய் ஓரிடத்தில் நிற்கும். அங்கிருந்து அடிவரை அளந்தால் பழசும் புதுசும் உடனே பிரிந்துவிடும். அளந்து முடித்து அவர் சொன்னது: "பேர் ஒண்டு, நிறை ஒண்டு. ஆள் வேறை, அண்ணை."

அந்தக் கோடை முழுவதும் இரண்டையும் ஒப்பிட்டார். பழசு ஒன்று, புதுசு ஒன்று என்று மாற்றி மாற்றிச் சுடுவார். அப்போதுதான் காற்றும் வெளிச்சமும் இரண்டுக்கும் ஒன்றாக இருக்கும் என்பார். இலக்குக்குக் கீழே பள்ளத்தில் நின்று நான் துளைகளைக் குறிப்பேன். புதுசு ஒரு சாண் மேலே ஏறி, சிதறியும் விழுந்தது. பழசு ஓரிடத்தில் கூடியது. ஆனால் பழசு இனிக் கடையில் இல்லை. கையில் இருந்தது நூறுக்கும் குறைவு. அதை செப்ரெம்பர் போட்டிக்கென்று ஒதுக்கினார். மாகாண அணிக்கு ஆள் எடுக்கும் போட்டி அது. நாலு வருடமாக அந்த அணியில் ஓர் இடத்துக்குத்தான் அவர் பாடுபட்டார்.

போட்டிக்கு முந்திய சனிக்கிழமை பகல் உதவிக்குப் போயிருந்தேன். பழசை நிறுத்து, நிறை கூடியதையும் குறைந்ததையும் விலக்கச் சொல்லிவிட்டு, உடுப்புத் தோய்க்கக் கட்டடத்தின் நிலவறைக்குப் போனார். வேலை சீக்கிரம் முடிந்தது. எனக்குக் கை சும்மா இருக்காது. பக்கத்தில் திறந்திருந்த புதுசுப் பெட்டியையும் பழசு கிடந்த துவாய்த் துணியிலேயே கொட்டி நிறுக்கத் தொடங்கினேன். நிறைப்படி மூன்று குவியல், வெகு அழகாக. இரண்டு வெறும் பெட்டிகளும் கையில் இருந்தபோதுதான் என்ன செய்துவிட்டேன் என்பது விளங்கியது: பழசும் புதுசும் கலந்துபோய்விட்டன. வளையம் மேசையிலேயே கிடந்தது. ஒவ்வொன்றாக அளந்திருந்தால் அரை மணிநேர வேலை. ஆனால் அவர் வந்துவிடுவார், எட்டு வருடக் கதை சொன்ன வாயால் இதைச் சொல்லவேண்டுமே என்று வெட்கம். மூக்கைப் பார்த்துக் கண்ணாலேயே பிரித்துப் பெட்டிகளில் போட்டேன். கடைசி ஒன்றைப் போடவும் கதவில் திறப்புச் சத்தம் கேட்டது. "எல்லாம் சரியோ, அண்ணை?" "ஓம், எல்லாம் சரி." எல்லாவற்றையும் அளக்கிற மனிசி, என்னுடைய ஓமை அளக்கவில்லை.

போட்டியன்று இருபது சூடு. பதினெட்டு நடுவில் கூடியது. ஒன்பதாவதும் பதினாலாவதும் ஒரு சாண் மேலே. பள்ளத்தில் நின்று அந்த இரண்டு துளைகளையும் குறித்த கை என்னுடையது. அணிக்கு ஓர் இடம் பிந்திவிட்டார். காருக்கு நடந்து வரும்போது நான்தான் முந்திக்கொண்டு, "காத்து மாறிப்போச்சு போலை" என்றேன். அவர் நின்று என்னைப் பார்த்தார். "கொடி அசையேல்லை, அண்ணை" என்றார். நான் காரின் கதவைத் திறந்தேன்.

அடுத்த வருடம் பார்க்கலாம் என்றிருந்தோம். அடுத்த வருடம் நோய் வந்தது. அவர் பிறகு சுடவில்லை. ஞாயிறுகளில் ஆசுப்பத்திரிக்குப் போவேன். ஒவ்வொரு முறையும் இன்றைக்குச் சொல்லிவிடுவேன் என்று லிஃப்ரில் ஏறுவேன், சொல்லாமல் இறங்குவேன். நோயாளியை வருத்துவானேன் என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். அது பொய். கடைசி மாதத்தில் ஒருநாள் அவரே கேட்டார்.

"அண்ணை, அந்தப் போட்டியை நினைக்கிறனீங்களோ?"

"ஓம். இடைக்கிடை."

"என்ன நினைக்கிறனீங்கள்?"

வாய் வரைக்கும் வந்தது. "காத்துத்தான், றெஜினா" என்றேன்.

அவர் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பினார். களைத்துவிட்டார் என்று நினைத்தேன். அப்படி நினைப்பது எனக்கு வசதியாக இருந்தது.

அடக்கம் முடிந்த மறுநாள் பிலோமினா ஒரு பிஸ்கற் ரின்னைக் கொண்டுவந்தார். "உங்களிட்டைக் குடுக்கச் சொன்னவ" என்றார். உள்ளே நான் கடைந்த வளையமும் அவருடைய சூட்டுக் குறிப்புக் கொப்பியும் இருந்தன. செப்ரெம்பர்ப் பக்கத்தில் அவருடைய சின்ன எழுத்து: "கொடி அசையேல்லை. வீட்டை வந்து மிச்சத்தை அளந்தன். புதுசுப் பெட்டிக்குள்ளை பழசு இரண்டு. 9, 14 புதுசு." போட்டியன்று பின்னேரமே அவருக்குத் தெரிந்திருக்கிறது.

அந்தப் பக்கத்தில் தொழிற்சாலையின் சிவப்பு அட்டை ஒன்று குத்தியிருந்தது. பொருள்: சன்னம். எண்ணிக்கை: 2. பிழை: கலப்பு. செய்தவர் பெயர் எழுதும் கோடு வெறுமையாக இருந்தது. என் மெசினில் மாட்டியதுபோல மாட்டிவிட்டு, ஒன்றரை வருடம் காத்திருந்திருக்கிறார். நான் ஒவ்வொரு ஞாயிறும் தோடம்பழம் வாங்கிக்கொண்டு போயிருக்கிறேன்.

தமையனின் சன்னத்துக்கு ஆள் தேடிய மனிசிக்கு, இங்கேயும் இரண்டு சன்னத்துக்கு ஆள் வரவில்லை. இதைவிடக் கேவலமாக நான் வாழ்க்கையில் ஒன்றும் செய்யவில்லை. அவரை அறிந்த உங்கள் எல்லாருக்கும் முன்னால் சொல்கிறேன்: அன்றைக்குக் காற்று இல்லை. நான்தான்.

வளையம் இப்போது என் கருவிப் பெட்டியில் இருக்கிறது. கொப்பியைப் பிலோமினாவிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன். அட்டையை மட்டும் வைத்துக்கொண்டேன். இதை எழுதி முடித்துவிட்டு, கோட்டுக்கு மேலே என் பெயரை எழுதினேன். அதற்குக் கீழே பரிசோதகர் ஒப்பமிடும் கோடு வெறுமையாக இருக்கிறது.