கட்டிலுக்கடியில் மிளகு

தோட்டத்துக் கந்தோரில் முப்பது வருஷம் கிளாக்கராக எழுதித் தேய்ந்து ஓய்வு பெற்றேன். கைக்கு வந்த சேமலாபக் காசில் பாதியை வங்கியில் போட்டேன். மீதிக்கு, விலை இறங்கியிருந்த நேரம் பார்த்து, யட்டவத்தவில் காய்ந்த மிளகு வாங்கிக் கட்டிலுக்கடியில் அடுக்கினேன். “இந்த வயசுல யாவாரமா?” என்று மனைவி ஒரு வாரம் முறைத்தாள்.

அடுத்த மாதமே அவளுடைய தம்பி, வாடகைக்கு ஓட்ட ஒரு வான் வாங்கக் காசு கேட்டு வந்துவிட்டான்.

“காசு எங்க மச்சான் இருக்கு? எல்லாம் மிளகாக் கிடக்கு” என்று மூட்டைகளைக் காட்டினேன். வங்கிப் புத்தகத்தைப் பற்றி வாய் திறக்கவில்லை. தேத்தண்ணீரைக் குடித்துவிட்டுப் போய்விட்டான்.

இப்போது மருந்துக்குக் காசு வேண்டுமென்றால், இரண்டு கிலோவைக் கட்டிக்கொண்டு மாத்தளைக்கு பஸ் ஏறுகிறேன். மனைவியும் முறைப்பதில்லை. மிளகைக் கைமாற்றாகக் கேட்டு இதுவரை எவனும் வரவில்லை.